இடது பக்கம் இழுத்த கார்

பிரேக் கருகும் வாசனை தெரியுமா உங்களுக்கு? எரிந்த முடியும் சுட்ட சாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி... தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரிக்ஃபீல்ட்ஸில் என் கொட்டகைக்குள் அந்த நெடி நுழைந்த நாளைப் பற்றி எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

மலாய் நாட்டில் ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன கார்களை வாங்கி, சரிசெய்து விற்பது என் தொழில். ஒரு கொட்டகை, ஒரு ஜாக்கி, கொஞ்சம் வாய்ச் சாமர்த்தியம்... அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

அப்படி வந்ததுதான் அந்தக் கார். நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை. பத்து வயதாகியும் மேட்டில் சீறி ஏறும்.

கிள்ளான் சாலையில் அது ஒருவரைக் கொன்றிருந்தது. காய்கறிக் காவடி சுமந்து சாலையோரமாகப் போன ஒரு சீனர். ஓட்டியவன் தோட்டத்து டிரைவர் முனியாண்டி. பிரேக் போட்டதும் வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். மறுநாள் போலீஸ்காரர்கள் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது, பிரேக் பிடித்தது. கள்ளு குடித்திருப்பான் என்று முடிவுகட்டி அவனை லாக்கப்பில் வைத்தார்கள், காரைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆளைக் கொன்ற கார் என்று யாரும் தொடவில்லை. நான் தொட்டேன்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்த அருளப்பன் அண்ணன் ஞாயிறு பூசை முடிந்ததும் எனக்கு உதவ வருவார். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, இரண்டு சக்கரத்தையும் சுற்றிவிட்டார். இரண்டும் தாராளமாகச் சுற்றின.

"ஆறிக் கிடக்கிறப்ப எல்லாரும் யோக்கியன்தான். ஓட்டிச் சூடாக்கிப் பாப்போம் வா" என்றார்.

பெட்டாலிங் வரை போய்த் திரும்பினோம். வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். திரும்பும்போது ஸ்டியரிங் இடது பக்கமே போனது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஓட்டினார். கொட்டகைக்குள் நுழைந்தபோதுதான் அந்த நெடி. வலது சக்கரத்து பிரேக் டிரம்மில் கை வைக்க முடிந்தது. இடது டிரம்மில் எச்சிலைத் துப்பினார்... சுரீரென்று ஆவியாகிப் போனது.

ஜாக்கி போட்டோம். இடது சக்கரம் அசையவில்லை. பிரேக் கம்பியைக் கழற்றிவிட்டோம். அப்போதும் அசையவில்லை. அப்படியானால் கம்பியில் குற்றமில்லை, கோளாறு உள்ளே.

டிரம்மைக் கழற்றினால், பிரேக் கட்டைகளை விரிக்கிற அந்தச் சின்ன அச்சு துருவும் காய்ந்த கிரீசுமாக இறுகிக் கிடந்தது. ஆறியிருந்தால் எப்படியோ திரும்பிவிடும். சூடேறினால் விரிந்த இடத்திலேயே நின்றுவிடும். இடது பக்கக் கட்டைகள்மேல் இருந்த லைனிங் கரியாகியிருந்தது. வலது லைனிங் புதுசு மாதிரி.

அருளப்பன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பய பொய் சொல்லலய்யா. போலீசுல போய்ச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

சொன்னால் கார் மறுபடியும் போலீஸ் முற்றத்தில் போய் மாசக்கணக்கில் மழையில் நிற்கும். கிள்ளானிலிருந்து ஒரு குத்தகைக்காரர் அந்த வாரமே பார்க்க வருவதாக இருந்தார். முதலில் விற்போம், அப்புறம் சொல்வோம்... அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாளே நான் வேலையில் இறங்கினேன். அச்சைத் தட்டி எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். புது ஸ்பிரிங், புது லைனிங், புது கிரீசு. டிரம்மில் நீலம் பாரித்திருந்த சூட்டுத் தழும்பைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவி எடுத்தேன். கருகிய லைனிங்கை ஆற்றில் எறிந்தேன். ஓட்டிப் பார்த்தால் கார் கோடு போட்டமாதிரி நேராகப் போனது. அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

குத்தகைக்காரர் வந்து காரில் ஏறி உட்கார்ந்திருந்தபோதுதான் முனியாண்டியின் மனைவி பச்சையம்மாள் வந்தாள். கார் என்னிடம் இருப்பதைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொல்லியிருக்கிறார். வெயிலில் நடந்தே வந்திருந்தாள். காருக்குப் பக்கத்தில் வரவில்லை.

"அண்ணே, கழட்டிப் பாத்தீங்களாமே... பிரேக்குல ஏதும் கோளாறு இருந்துச்சா? நாளன்னிக்கு கேசு."

ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்த குத்தகைக்காரரின் கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி. நல்ல வண்டி."

"அவருதான் பிரேக்கு பிரேக்குன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. ஒண்ணும் இல்லன்னு நான் போய்ச் சொல்லிடுறேன்" என்றாள்.

அன்று சாயங்காலமே கார் கிள்ளானுக்குப் போய்விட்டது.

கோர்ட்டில் முனியாண்டி பிரேக்கைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். "கால் தவறிடுச்சு தொரை" என்று ஒத்துக்கொண்டானாம். கேள்விப்பட்ட அருளப்பன் அண்ணன் பட்டறை உடுப்போடு என் கொட்டகைக்கு வந்தார். போலீசில் சொன்னாயா என்று ஒரே கேள்விதான் கேட்டார். என் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சார்ஜண்ட் பொறுமையான மனிதர். காரைக் கிள்ளானிலிருந்து வரவழைத்து, ஓட்டிச் சூடாக்கி, ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. பழைய லைனிங் எங்கே என்றார். ஆற்றில் என்றேன். அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், உனக்கென்ன வந்தது என்று மலாயில் கேட்டுவிட்டு ஜாக்கியை இறக்கச் சொன்னார்.

முனியாண்டி இரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தான். வெளியே வந்தபோது லைசென்சும் இல்லை, தோட்டத்தில் வீடும் இல்லை. பந்திங் பக்கம் தேங்காய் உரிக்கிறான் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. அருளப்பன் அண்ணன் அதற்குப் பிறகு என் கொட்டகைப் பக்கம் வரவேயில்லை.

இப்போது எல்லா வண்டியிலும் எண்ணெய் பிரேக். கம்பியும் அச்சும் போயே போய்விட்டன. விபத்தில் மாட்டிய கார் வந்தால், கை வைப்பதற்கு முன்னால் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். செலாயாங்கிலிருந்து கிள்ளான் வரைக்கும், நான் நல்ல வண்டி என்று சொன்னால் கழற்றிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போகிறார்கள். அப்படி ஒரு பெயர் எடுத்துவிட்டேன்...

பச்சையம்மாளும் கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ப் புருஷனிடம் சொன்னாள்.

அவனும் நம்பினான்.