பிழைச் செய்திகளோடு படகேறியவர்

வகுப்பில் நின்றிருந்த என்னைப் பாடசாலை அதிபர் வாசலுக்கு அழைத்தார். "மாஸ்ரர், ஜெசிந்தா ரீச்சர் காலமை கொழும்பிலை மோசம் போயிட்டாவாம்" என்றார். அவருடைய நோய் முற்றி, சாவு நெருங்கியிருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சோக்குக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு அன்றைய பாடத்தை அதோடு நிறுத்தினேன்.

ஜெசிந்தா நெடுந்தீவில் என்னோடு கணிதம் படிப்பித்தவர். அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய தம்பி அன்ரனையும் தெரியும். கடலில் படகு இயந்திரத்தின் விசிறி அன்ரனின் தொடையை வெட்டியது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் படகில் ஏற்றும்போது அதே வகை இரத்தமுள்ள ஒருவரையும் கூட அனுப்பச் சொன்னார்கள். வாசிகசாலைக் கொப்பியில் இரத்தம் கொடுக்கக்கூடியவர்களின் பெயர்கள் இருந்தன. பாதிப்பேர் இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். நாங்கள் தாள் புரட்டிக்கொண்டிருக்கையில் படகு போய்விட்டது. அன்ரன் உயிரோடு திரும்பி வரவில்லை.

சில மாதங்களில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வாசிகசாலைக்கு ஒரு பழைய கணினி அனுப்பினார். அதில் யுனிக்ஸ் வகை இயங்குதளம் இருந்தது. இரத்த வகையைக் கொடுத்தால் பெயர்களைத் தேடித் தரும் மென்பொருள் சீடியில் வெறும் மூலநிரலாக வந்திருந்தது; நாங்களே அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவில் தொகுத்து நிறுவ வேண்டும். தொடங்கிய சிறிது நேரத்தில் திரை நிறையப் பிழைச் செய்திகள் ஓடி, எல்லாம் நின்றது.

"இது எங்களுக்குச் சரிவராது ரீச்சர், விடுவம்" என்றேன் ஜெசிந்தாவிடம்.

"விடேலாது மாஸ்ரர். ஏன் நிண்டதெண்டு அது சொல்லியிருக்கு. நாங்கள்தான் வாசிக்கேல்லை. கடைசி வரியைப் பாக்காதேங்கோ. முதல் பிழை எது? மற்றதெல்லாம் அதாலை வந்தது."

முதல் பிழை, மென்பொருளுக்குத் தேவையான ஒரு துணைநிரல் கணினியில் இல்லை என்பது. தீவில் அப்போது இணையம் கிடையாது. ஜெசிந்தா அந்த வரிகளை ஓரெழுத்தும் பிசகாமல் எழுதிக்கொண்டு சனிக்கிழமைக் காலைப் படகில் ஏறினார். கடற்றொழிலாளியின் மகளாயிருந்தும் படகென்றால் அவருக்கு வாந்தி. குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், இணையக் கடையொன்றில் துணைநிரலைத் தேடிச் சீடியில் பதிந்துகொண்டு பின்னேரப் படகில் வந்து சேர்ந்தார்.

அதை நிறுவிய பின்னும் அதே பிழை வந்தது. நான் எரிச்சலில் எழுந்து போய்விட்டேன். அவர் பாடசாலை விட்டதும் வாசிகசாலைக்குப் போய், கணினி எழுதி வைத்திருந்த பதிவுக்கோப்பை வரிவரியாக வாசித்தார். மூன்றாம் நாள் என் வீட்டு வாசற்படலையில் நின்றார்.

"பிழை என்ரை, மாஸ்ரர். துணைநிரலை ஒரு இடத்திலை வைச்சிட்டன். மென்பொருள் வேறை இடத்திலை தேடுது. வாங்கோ."

சரியான இடத்தைக் குறித்து மறுபடி தொகுத்தோம். இம்முறை நிற்காமல் ஓடி முடிந்தது. அதன்பிறகு வீடு வீடாகப் போய், ஊரில் இருப்பவர்களின் பெயர்களையும் இரத்த வகைகளையும் சேர்த்தோம்.

அந்த மாரிக்காலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் தேவைப்பட்டது. ஜெசிந்தா தேடியதும் மூன்று பெயர்கள் வந்தன. இருவர் அவளை ஏற்றிய அதே படகில் போனார்கள். தாயும் பிள்ளையும் சுகமாகத் திரும்பிய அன்று இறங்குதுறையில் எல்லோரும் சிரிக்க, ஜெசிந்தா மட்டும் அழுதார். "அண்டைக்கு இது இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூண்டாவது ஆள் எங்கை போனவர்? விசாரிச்சுத் திருத்தவேணும்" என்றார்.

சிகிச்சைக்குப் புறப்பட்டபோது அந்தப் பட்டியலை என்னிடம் ஒப்படைத்தார். அவர் எனக்கு விட்டுச்சென்றது அதுதான். கூடவே, காரணம் தெரியும்வரை எழும்பிப் போகாத பிடிவாதமும். ஞாயிறு தோறும் ஊருக்குள் நடந்து, போனவர்களை நீக்கி வந்தவர்களைச் சேர்க்கிறேன்.

நேற்று அவருடைய பெயரை நீக்கினேன். வேறு யாரையும் செய்யவிடவில்லை.