காஜா பெராங் வீட்டில் மாற்றிய காயில்கள்

வண்டி ஓட வேண்டிய தூரம் மூன்று மைல்தான். மலாக்கா ஆஸ்பத்திரியிலிருந்து காஜா பெராங்கில் ஒரு வீடு வரை. அதைக் கிளப்பக் காலை எட்டு மணிக்குப் போனேன். கிளம்பியபோது நான்கு மணி. அந்தத் தாமதத்தில் இரண்டு மணி நேரம் என் தவறால் வந்தது.

அது வெள்ளைக்காரன் காலம். பெண்டஹாரா ரோட்டுக்குப் பின்னால் இருந்த மோட்டார் பட்டறையில் நான் மெக்கானிக். முதலாளி மரைக்காயர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை வீட்டு வண்டி செத்துக் கிடக்காம். இங்க இழுத்துட்டு வந்தா மத்தியானம் ஆயிடும், அங்கயே போய்ப் பாரு. நாலு காயிலும் எடுத்துக்க. அது உன் சர்வீச விட மூத்த வண்டி, மரியாதையா தொடு."

பிள்ளை என்றது கோவிந்தன் பிள்ளையை. கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலாக்கா செட்டி சமூகத்தவர். பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வணிகர்களின் வழி. சாமி நம் சாமி. பேச்சு மட்டும் மலாய். நாங்கள் பேசியதும் மலாயில்தான். இங்கே தமிழில் தருகிறேன்.

காஜா பெராங் வீட்டு வாசலிலேயே அவர் நின்றிருந்தார். "அண்ணன் ஆஸ்பத்திரில இருக்காரு, தம்பி. இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டான் டாக்டர். வீட்லதான் போகணும்னு அவரும் கேக்கறாரு."

"வாடகைக் கார் எடுக்கலாமே, ஐயா?"

"மூணு பேர்கிட்ட கேட்டேன். ஆளப் பத்திக் கேட்டதும் மாட்டேங்கறாங்க."

அது எனக்குத் தெரிந்ததுதான். வண்டிக்குள் உயிர் போனால் பிறகு அதில் யாரும் ஏறமாட்டார்கள் என்று வாடகைக்காரர்கள் பயந்தார்கள். ரிக்‌ஷாவில் உட்காரும் நிலையில் அண்ணன் இல்லை. மாட்டு வண்டியின் குலுக்கலை உடம்பு தாங்காது. ஆக, இந்த வண்டி ஓடினால்தான் அவர் உயிரோடு வீடு வருவார்.

அந்த மாதிரி வண்டியில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்காக, சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன மரப்பெட்டி. உள்ளே கம்பிச் சுருள், சுற்றிலும் ஈரம் புகாமல் ஊற்றிய தார். நன்றாக இருந்தால் வண்டு மாதிரி இரையும். இதில் இரண்டு இரையவே இல்லை, மற்ற இரண்டும் முனகின.

கழற்றுவதுதான் பெரும்பாடு. முன்பு யாரோ ஒரு தச்சர் பழைய டேஷ்போர்டைத் தூக்கிவிட்டு ஒரே தேக்குப் பலகையாக அடித்திருந்தார். நான்கு காயிலும் உட்காரும் பெட்டி அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கிளட்ச் பெடலுக்கு அடியில் தலையை வைத்து மல்லாந்து படுத்து, கண்ணால் பார்க்க முடியாத நான்கு ஸ்குரூவை விரலால் தடவிக் கழற்றினேன். பெட்டி வெளியே வந்தபோது மணி பத்தரை.

கொண்டுபோன காயில்களைப் போட்டுச் சோதித்தால் அவையும் முனகின. மழை மாதங்களில் பட்டறை ஸ்டோரில் கிடந்ததால் மரம் ஈரம் குடித்திருந்தது. பட்டறையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு: அடுப்போரம் அரை மணி நேரம் வைத்து எடுப்போம்.

சமையலறை வாசலில் பிள்ளையின் தங்கை நின்றார். அன்று பொங்கலுக்கு முந்தின நாள். அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும் நாள், பார்ச்சு என்பார்கள். அடுப்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. காயில்களை அவரிடம் நீட்டினேன்.

"இது என்ன குவே? எத்தனை நேரம் வேகணும்?" என்றார். குவே என்றால் பலகாரம்.

"வேகக் கூடாது, அக்கா. சூடு பட்டாப் போதும்."

இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

நான் பெட்டியின் பித்தளை முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது இலைகளில் சாப்பாடு போட்டு, சாம்பிராணி காட்டி, எல்லோரும் வெளியே வந்தார்கள். முன்கதவையும் பின்கதவையும் சாத்தினார்கள். காயில்கள் உள்ளே அடுப்போரம் இருந்தன. என் வீட்டில் படையல் என்றால் கற்பூரம் காட்டிப் பத்து நிமிடத்தில் இலையை எடுத்துவிடுவோம். இங்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். இவர்கள் வழக்கம் வேறு. படையலுக்கு வந்த முன்னோர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

அரை மணி ஆயிற்று. பிள்ளையிடம் போனேன். "இன்னும் எவ்வளவு நேரம், ஐயா?"

"சபார், தம்பி. பொறுங்க. பெரியவங்க சாப்பிடறாங்க."

தார் உருகிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். மற்றவர்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சொல்லாமல் திரும்பினேன்.

கதவு திறந்தபோது மணி ஒன்றேகால். அடுப்போரம் இரண்டு காயில்கள் கறுப்பாக ஒழுகிக் கிடந்தன. மற்ற இரண்டும் தப்பியிருந்தன. பழையவற்றில் முனகிய இரண்டையும் எடுத்து, பாயின்ட் எனும் தொடுமுனைகளைத் தேய்த்து இடைவெளி சரிசெய்து ஒருவாறு இரைய வைத்தேன். மறுபடி மல்லாந்து படுத்து, மறுபடி நான்கு ஸ்குரூ. ஹேண்டில் போட்டபோது எஞ்சின் மூன்றரை சிலிண்டரில் ஓடியது என்று சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் விழித்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு, "இது இன்னும் ஓடுதா?" என்றார். பின்சீட்டில் படுக்கவைத்தோம். தலை பிள்ளையின் மடியில். நான் மெல்ல ஓட்டினேன். பின்னாலிருந்து அவர் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. காஜா பெராங் ரோட்டுக்குள் திரும்பிக் கொஞ்ச தூரத்தில் அது நின்றது.

வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை என்னை நேராகப் பார்த்தார்.

"ஜாலான் தெருஸ். நிறுத்தாம போங்க, தம்பி. அண்ணன் தூங்கறாரு."

வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். இருவருமாகத் தூக்கி உள்ளே கட்டிலில் கிடத்தினோம். தங்கை ஸ்பூனில் தண்ணீர் ஊற்றினார். அது கடைவாயில் வழிந்தது. பிள்ளை அதைத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இப்பப் போயிட்டாரு" என்றார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் போனேன். தார் உருகும் என்று எனக்கு அப்போதே தெரியும், வழக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

பிள்ளை சொன்னார்: "சொல்லியிருந்தா கதவத் திறந்திருப்பேன். உள்ள சாப்பிட்டது எங்க அப்பா அம்மாதான? மூத்த மகனக் கூட்டிட்டு வரப் போறேன்னா எந்திரிச்சு வழி விட்டிருக்க மாட்டாங்களா?"

அதில் கோபம் இல்லை.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் வேலை செய்யும் இளைஞர்களுக்கு இதையே சொல்வேன். ஒரு பொருளை வீட்டார் கையில் கொடுத்தால், அது எவ்வளவு நேரத்தில் கெடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும், அங்கே என்ன நடந்துகொண்டிருந்தாலும் சொல்லுங்கள். வழக்கத்தை எப்போது விடலாம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். தார் உருகும் என்பது அந்த இடத்தில் உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.