கோகுல்ராஜின் முட்டியும் ஒரு சுருட்டிய துண்டும்

கோகுல்ராஜுக்கு இருபத்தாறு வயது. விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில், சூளைக்குச் சரக்கு ஏற்றும் வேலை. யாராவது கேட்டால் அதைச் சொல்ல மாட்டான். "கபடி பிளேயருங்க" என்பான். ரைடு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான் என்று ஊரில் பாதிப்பேர் சொல்வார்கள்; மீதிப்பேரிடம் அவனே சொல்லிவிடுவான்.

போன பொங்கலுக்குக் கடலூர் மாவட்டத்து மங்களூரில் ஆட்டம். மூன்று பேரை ஏய்த்துவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினான். பாதம் மண்ணில் நின்றது, உடம்பு திரும்பியது, நடுவில் இருந்த வலது முட்டி யார் பக்கம் போவதென்று தெரியாமல் 'டொப்' என்றது.

டீம் கேப்டன் ஆனந்தராஜ் ஓடிவந்து, பருத்திக்குப் பூச்சிமருந்து அடிப்பதுபோல ஸ்பிரே டப்பாவைக் காலி செய்தான். வூட்டுக்கு வந்தால் சுப்புராயன் மாமா. உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துக் கட்டுப் போட்டார். நாலாம் நாள் வீக்கம் அப்படியே இருந்தது. எறும்பு மட்டும் புதிதாக வந்திருந்தது.

கடலூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குது. இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். பிசியோதெரபி போங்க. நாங்க சொல்ற வரைக்கும் ஆடக்கூடாது." இதில் 'ஆபரேஷன் வேணாம்' என்பது மட்டும்தான் கோகுல்ராஜின் காதில் ஏறியது.

பிசியோதெரபிஸ்ட் தேவி, ஒரு துண்டைச் சுருட்டி அவன் முட்டிக்கடியில் வைத்து, "அமுக்குங்க, பத்து எண்ணுங்க, வுடுங்க" என்றாள்.

"அவ்ளோதானா மேடம்? கரண்ட்டு மெஷின் எதுவும் வைக்க மாட்டீங்களா?"

"மெஷின் வலியக் கொறைக்கும். முட்டியத் தாங்கறது தொடைச் சதைங்க." டேப் வைத்து அளந்தாள். வலது தொடை இடதைவிட இரண்டு விரற்கடை இளைத்திருந்தது. மண்ணில் இறங்கும் முன் தொடையைத் தட்டிச் சத்தம் எழுப்புகிறவனுக்கு, முட்டி வலியைவிட அந்த அளவு வலித்தது.

ஆறே வாரத்தில் வலி போனது. கூடவே தேவியிடம் போவதும் நின்றது. துண்டு அமுக்கவா பஸ் ஏறிப் போவார்கள்? பங்குனியில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஆட்டம். 'காயத்தை வென்ற காளையே வருக' என்று ஆனந்தராஜ் ஃபிளெக்ஸ் வைத்தான். முதல் ரைடு. எதிரணி ஆள் ஒருத்தனும் கிட்டே வரவில்லை. காளை தானாகத் திரும்பி, தானாக விழுந்தது. பிடிக்காமலே கிடைத்த பாயிண்டை எதிரணி கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது.

மறுபடி ஸ்கேன். நல்லவேளை, ஜவ்வு முழுசாக அறுபடவில்லை. வீக்கம் வடிந்ததும், திட்டு வாங்கத் தயாராகவே தேவியிடம் போனான். அவள் திட்டவில்லை; துண்டிலிருந்தே மறுபடி ஆரம்பித்தாள். சில வாரம் போனதும், "இப்ப வலி இருக்குதா?" என்றாள்.

"இல்லீங்க."

"ஒத்தக்கால்ல எட்டிக் குதிங்க."

இடது காலில் ஆறடி போனான். வலது காலில் மூன்றடி. அதற்கே முட்டி உள்பக்கம் சாய்ந்தது.

"வலி போனது வேற, குணமானது வேற. போன தடவ இந்தக் காலோடதான் ஆடப் போனீங்க."

எத்தனையோ பேரை ஏய்த்த கோகுல்ராஜுக்கு, தன்னையே ஏய்த்துக்கொண்டது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ஒருநாள் தவறவில்லை. படி ஏறி இறங்கினான், குதித்து நிற்கப் பழகினான், கம்பெனியில் டீ வரும்வரை ஒற்றைக்காலில் நின்றான். "மீன் ஏதாச்சும் மாட்டுச்சாடா?" என்று சூளைக்காரர்கள் கேட்டார்கள். ஆடி போய் ஐப்பசி வந்தது. ஆனந்தராஜ் மூன்று முறை ஆள் அனுப்பினான். "மேடம் சொல்லட்டும்ணே" என்பதே பதில். மார்கழியில் இரண்டு காலும் ஒரே தூரம் குதித்தன. தேவி இன்னும் இரண்டு வாரம் ஓடவிட்டு, திரும்பவிட்டு, அப்புறம்தான் தலையாட்டினாள்.

தையில் மங்கலம்பேட்டை ஆட்டம். இரண்டாவது ரைடில் ஒருத்தனைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று திரும்பினான். கால் நின்றது, முட்டியும் கூடவே வந்தது. கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கும்போதுதான், நடுவில் முட்டியை நினைக்கவே இல்லை என்பது தெரிந்தது. கண் கலங்கியது, மண் விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டான்.

டீம் பதினோரு பாயிண்ட் வித்தியாசத்தில் தோற்றது. அதற்குப் பிசியோதெரபியில் வைத்தியம் இல்லை.