வெள்ளிக்கிழமை நட்சத்திரக் குறி

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கணினிப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. கம்பெனிக்குப் பல யூனிட்டுகள். எங்கே கணினி மக்கர் செய்தாலும் அங்கிருப்பவர்கள் ஒரு டிக்கெட், அதாவது புகார், போடுவார்கள். அது அந்தந்த யூனிட்டின் வரிசையில் வந்து என் திரையில் நிற்கும். திரை காலியானால்தான் நான் வீட்டுக்குக் கிளம்பலாம்.

சில யூனிட்டுகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்றவற்றுக்கு ஞாயிறு. அதனால் வரிசைகளின் பெயர்களும் விடுமுறை நாளின் ஆங்கில முதலெழுத்தில், எஃப் அல்லது எஸ் என்று தொடங்கும். எங்கள் சார் சென்னைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்து, ஒரே ஒரு நட்சத்திரக் குறியோடு திரும்பி வந்தார்.

"எஸ் அடிச்சு பக்கத்துல ஒரு ஸ்டார் போடும்மா. எஸ்ல ஆரம்பிக்கிற அத்தனை வரிசையும் வந்து நிக்கும். வெள்ளிக்கிழமையில எஃப் பக்கமே போவாத. லீவுல இருக்கறவன் இன்னா டிக்கெட் போடப்போறான்?"

இரண்டு நாள் பாடம் எனக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் புரியாத மாதிரி இருந்தேன்.

எனக்கு வெள்ளிக்கிழமை என்றாலே கண் கடிகாரத்திலேயே இருக்கும். என் மகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்து அக்கா அன்று ஐந்து மணிக்கு ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்புவார். ஏற்கெனவே நான் தாமதமாகப் போயிருந்தேன். "இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்கம்மா. ஆண்டவர் காத்திருப்பார், நான் காத்திருக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஊரில் எனக்கு வேறு இடம் கிடையாது. அந்த அக்கா இல்லையென்றால் வேலையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நாலரைக்கே எஸ் வரிசைகள் காலி. "பாத்தியா!" என்றார் சார், நட்சத்திரத்தையே அவர்தான் வானத்தில் பொருத்தியது போல.

பையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வரும் ஜாதி நான். எஸ்ஸை அழித்துவிட்டு நட்சத்திரத்தை மட்டும் விட்டேன். எல்லா வரிசைகளும் வந்தன. கூடவே ஒரு டிக்கெட். விடுமுறை யூனிட்டில், தோலை மருந்துத் தண்ணீரில் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம் பிரிவிலிருந்து, காலையிலேயே போட்டது. டிரம்முக்கு எப்போது எவ்வளவு மருந்து விட வேண்டும் என்று சொல்லும் கணினி நின்றுபோயிருந்தது. உள்ளே தோல்; நேரத்துக்கு மருந்து விழாவிட்டால் அத்தனையும் பாழ்.

போன் செய்தேன். டிரம் ஆபரேட்டர் எடுத்தார்.

"காலையிலயே ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணா?"

"போன் பண்ணாதீங்க, டிக்கெட் போடுங்கன்னு செவுத்துல ஒட்னது யாரு மேடம்? நாங்களா?"

சாரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது. "லீவு நாள்ல அங்க எப்படிம்மா ஆள் இருப்பான்?"

"வியாழக்கிழமை டிரம்முல போட்ட தோலுக்கு வெள்ளிக்கிழமை லீவுன்னு தெரியாது சார்."

இவ்வளவு தைரியமாகப் பேசியது நான்தானா என்று இன்றும் சந்தேகம். வீட்டிலிருந்த டெக்னீஷியனைப் பிடித்து, வண்டி ஏற்பாடு செய்து, அவர் கிளம்பியது தெரிந்ததும் ரிசீவரை சார் கையில் கொடுத்தேன். "மீதி நீங்க பாத்துக்கங்க சார்." அப்போது மணி ஐந்து தாண்டியிருந்தது.

காப்பகத்தில் பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டம்மா, "அடுத்த தெரு, ஜெப வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார். ஓடினேன். பாயில் பத்துப் பதினைந்து பெண்கள் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தர் மடியில் என் மகள் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"வேலை வேலைன்னு பெத்த புள்ளைய மறந்து திரியிற தாய்மாருக்குக் கடியாரம் பாக்குற புத்தியக் குடும் ஆண்டவரே!"

எல்லோரும் ஆமென் என்றார்கள். வேறு வழியில்லாமல் நானும் சொன்னேன்.

வெளியே வந்ததும் பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டு அக்கா சொன்னார்: "நாளைக்கு ரெண்டு ஜட்டி ஜாஸ்தியா வெச்சு அனுப்பு."