திறந்து கிடந்த கேட்

எந்த கேட்டை மூடினாலும், சங்கிலியைக் கொக்கியில் மாட்டியபின் பெரில் அதை இரண்டு முறை ஆட்டிப் பார்ப்பாள். மூன்றாவது முறை ஆட்டமாட்டாள். சைக்கிளில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். பதினேழு வருஷமாகத் தங்கை நோலா இதைக் கவனித்து வருகிறாள்.

"என்னக்கா, கேட்டு எந்திரிச்சு உன் பின்னாடியே வந்துடும்னு பயமா?" என்று கேட்பாள்.

பெரில் மிதித்துக்கொண்டே போவாள். அவர்களுடைய அப்பா பெரிய ஆட்டுப் பண்ணைகளில் வேலி பார்க்கும் வேலையில் இருந்தவர். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் ஏழு கேட்டுகள். வண்டியிலிருந்து குதித்துத் திறந்து மூடுவது மூத்தவளின் பொறுப்பு. பள்ளிக்கூடம் பதினான்கு வயதோடு நின்றுபோனது. கேட் பழக்கம் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதும், ஆட்டு ரோமம் கத்தரிக்க வரும் ஆட்களுக்குக் கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சமைத்தாள். பிறகு போர்ட் அகஸ்டாவில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறை. கல்யாணம் அமையவில்லை, அமையாததைப் பற்றி அவள் பேசியதும் இல்லை. நாற்பத்தேழு வயதில், எதிர்க்காற்றில் வெறுத்துப்போன ஒரு ஜெர்மன்காரன் நெடுஞ்சாலை ஓட்டலில் விற்றுவிட்டுப் போன சைக்கிளை வாங்கினாள். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் நோலாவோடு இரண்டு வாரம் ஃப்ளிண்டர்ஸ் மலைகளுக்குள் கிளம்பிவிடுவாள். சைக்கிளில் போகிறவளிடம் யாரும் நின்று பேச்சுக் கொடுப்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தெரியாதவர்களிடம் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் அது ஓயும்வரை அடுப்பைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய செப்டம்பர். கிளம்பி ஒன்பதாவது நாள். டோரன்ஸ் உப்பு ஏரிப் பக்கத்துச் செம்மண் வெளியிலிருந்து, மலையேறி, சாயங்காலத்துக்குள் பிளின்மன் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே பப்பின் மாடியில் நோலா ஒரு அறை சொல்லி வைத்திருந்தாள். ஒன்பது நாளில் முதல் கட்டில், முதல் குளியல்.

"சுடுதண்ணில கால நீட்டிப் படுத்தேன்னு வையி, பொணத்த எடுக்கிற மாதிரிதான் என்னத் தூக்கணும்" என்றாள் நோலா, மிதித்துக்கொண்டே.

காலையிலேயே வடக்கிலிருந்து அனல் காற்று. வெளியின் ஓரத்தில், தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாலை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதனடியில் இருந்த ஆட்டுத் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. இருவரும் அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரம் ஒரு ஜீப், பின்னால் வீடு மாதிரி ஒன்றை இழுத்துக்கொண்டு, அவர்களைப் புழுதியில் குளிப்பாட்டிவிட்டுப் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் சிரித்துக் கையாட்டினார்கள்.

ஒரு கிலோமீட்டர் தள்ளி மலைப்பக்கத்து வேலி. அதன் கேட் அகலத் திறந்து கிடந்தது.

இந்த வழியாகப் பெரில் எத்தனையோ வருஷம் போயிருக்கிறாள். அந்த கேட் ஒருநாளும் திறந்திருந்ததில்லை. நோலா நிற்காமல் உள்ளே போய்விட்டாள். பெரில் இறங்கினாள். ஜீப்பின் புழுதி இன்னும் காற்றில் நின்றது.

"பட்டணத்து ஜனங்க" என்று முணுமுணுத்தாள். கேட்டை இழுத்தாள், வரவில்லை. வேலிக் காலோடு கம்பியால் முறுக்கியிருந்தது. முறுக்கைப் பிரித்து, தரையில் கிடந்தால் டயரையோ ஆட்டுக் காலையோ குத்தும் என்று கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். கேட்டை மூடிச் சங்கிலியை மாட்டி, இரண்டு முறை ஆட்டினாள்.

உள்ளே சிறிது தூரத்தில் இன்னொரு காற்றாலை. அது அசையாமல் நின்றது.

"காத்து ஆளையே தூக்குது, இது பாரு, ஞாயித்துக்கிழமை மாதிரி தூங்குது" என்றாள் நோலா.

பெரில் சிரித்தாள். அதோடு அதை மறந்துவிட்டாள்.

அப்புறம் ஏற்றம். வறண்ட ஓடைப் படுகையில் தைல மரங்கள், அவற்றில் கத்திக்கொண்டிருந்த ரோஜா நிறக் கிளிகள், இரண்டு பக்கமும் சிவந்த பாறைச் சுவர். மிதிக்க முடிகிற இடத்தில் மிதித்தார்கள், முடியாத இடத்தில் தள்ளினார்கள். உச்சிக்கு வரும்போது பன்னிரண்டரை ஆகிவிட்டது. கேட்டிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர். இனி ஊருக்குப் பதினான்குதான்.

மீன் டப்பாவைத் திறக்கக் கத்தி தேடிச் சட்டைப்பையில் கைவிட்ட பெரிலின் விரலில் கம்பி குத்தியது. எடுத்துப் பார்த்தாள். இடுக்கியால் முறுக்கிய தடம், நான்கு சுற்று, ஒரே அளவாக.

ஜீப்பில் போகிறவன் இறங்கி இப்படி முறுக்கிக்கொண்டிருக்கமாட்டான். இது பண்ணைக்காரர் கை. அசையாத காற்றாலை நினைவுக்கு வந்தது. கேட்டில் மண் மாவாக மிதிபட்டுக் கிடந்ததும் நினைவுக்கு வந்தது. எல்லாம் ஆட்டுக் குளம்புகள். உள்ளே தண்ணீர் இல்லை. வெளியே இருக்கிற தொட்டிக்குப் போய்வரத்தான் திறந்து கட்டியிருக்கிறார்கள்.

"நோலா, நான் தப்புப் பண்ணிட்டேன்டீ."

விஷயத்தைக் கேட்ட நோலா ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள். "திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி விட்டுட்டுப் போகணும். நீதானே எனக்குச் சொல்லிக்குடுத்தே?"

"அந்த கேட்டு மூடித்தான்டீ இருக்கும். எப்பவும்."

"சரி விடு. ஊருக்குப் போனதும் பப்புல சொன்னா பண்ணைக்குப் போன் போட்டுடுவாங்க."

"இனிமேலும் மேடும் பள்ளமும்தான், நாம போய்ச் சேர நாலு மணி ஆயிடும். அவங்க சேதி கேட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும். இந்த வெயில்ல குட்டிங்க தாங்காது."

அது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பப்பில் அத்தனை பேர் நடுவில் நின்று, நான்தான் மூடினேன் என்று சொல்வதைவிடப் பத்தொன்பது கிலோமீட்டர் திரும்பிப் போவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"நீ ஊருக்குப் போ. நான் போயிட்டு நாளைக்கு வந்து சேர்றேன்."

"ஆமா, உன்னத் தனியா விட்டுட்டு நான் சுடுதண்ணில படுத்திருப்பேன்" என்ற நோலா ரொட்டியைக் காகிதத்தில் சுருட்டினாள். "கம்பி கையிலயே இருந்திருக்கு பாரு. பொம்பளைக்குப் பிடிவாதம் இருக்கலாம்க்கா, கண்ணும் இருக்கணும்."

இறக்கத்தில் கைவலிக்க பிரேக் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கேட் கண்ணில் படுவதற்கு முன்பே கத்தல் காதில் விழுந்தது. வேலியோடு வேலியாக இருநூறு ஆடுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. குட்டிகள் தாய்களின் வயிற்றுக்கடியில் நிழல் தேடின. ஒரு கிழட்டு ஆடு கம்பியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டிருந்தது.

பெரில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். சங்கிலியை அவிழ்த்ததும் ஆடுகள் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடின. கேட்டை வேலிக் காலோடு சேர்த்து, கம்பியைப் பழையபடி நான்கு சுற்று முறுக்கினாள். இடுக்கி இல்லாததால் விரல் தோல் உரிந்தது.

"முடிஞ்சுது. ஒருத்தரும் பாக்கல" என்றாள் நோலா.

அப்போதுதான் வெளியில் புழுதி எழும்பியது. ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு நாய். பண்ணைக்காரர் இறங்கினார். அறுபது வயதிருக்கும், மெர்வ் என்று பெயர் சொன்னார். தொட்டிப் பக்கம் மத்தியானம் ஒரு ஆட்டையும் காணோம் என்று பார்க்க வந்திருக்கிறார். உட்கார்ந்திருந்த கிழட்டு ஆட்டைத் தூக்கி நிறுத்தினார். அது தள்ளாடிவிட்டு மற்றவற்றின் பின்னால் நடந்தது.

"காலைல ஒரு ஜீப் போச்சே, அந்தக் கழுதைங்க மூடிட்டுப் போயிருக்கும். நீங்க பாத்துத் திறந்தீங்களாக்கும். நல்ல மனசும்மா."

நோலா தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அக்காவுக்காக அவள்தான் எப்போதும் பேசுவாள். இந்தத் தடவை பேசவில்லை.

பெரிலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஜீப்காரர்கள் இந்நேரம் எங்கேயோ இருப்பார்கள். தலையை ஆட்டினால் போதும். அவள் கம்பியைப் பார்த்தாள்.

"ஜீப்காரங்க இல்லைங்க. நான்தான். காலைல மூடினேன்."

மெர்வ் அவளைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"அப்புறம் எங்க போனீங்க?"

"உச்சிவரைக்கும். அங்க போனப்பறம்தான் புரிஞ்சுது."

"உச்சிலேர்ந்து திரும்பி வந்தீங்களா? இந்தக் காத்துல?"

"ஆமாங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உள்ள காத்தாலை உடைஞ்சு நாலு நாளாச்சு. கேட்டுல ஒரு தகரத்துல எழுதி மாட்டுய்யான்னு என் பொண்டாட்டி சொன்னா. இந்த ரோட்டுல எவன் வரப்போறான்னேன். இப்ப வீட்டுக்குப் போனா எனக்குத்தான் இருக்கு."

அவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தார்.

"ஊருல கொண்டுபோய் விடறேன், ஏறுங்க" என்றார் மெர்வ்.

வழியில் வண்டி ஏறக்கூடாது என்பது பெரிலின் சட்டம். அவள் வாயைத் திறப்பதற்குள் நோலாவின் சைக்கிள் வண்டிக்குள் போய்விட்டது.

"சட்டமெல்லாம் நாளைக்குக்கா. இன்னைக்கு எனக்குக் குளியல்."

நோலா முன்னால் ஏறி, பிளின்மன் வரை ஓயாமல் பேசினாள். பெரில் பின்னால் சைக்கிள்களையும் நாயையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். திறந்தே இருந்தது.

இன்று பெரிலுக்கு அறுபத்து நான்கு வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வாரம் மூன்று நாள் வேலை. உள் காற்றாலையைப் பழுது பார்த்துவிட்டார்கள், அந்த கேட் மறுபடியும் மூடியே இருக்கிறது. 'மூடாதீர்கள்' என்று மெர்வ் அப்புறம் எழுதி மாட்டிய தகரம் சங்கிலியில் குப்புறத் தொங்குகிறது. போன செப்டம்பரிலும் அக்காவும் தங்கையும் அந்த வழியாகப் போனார்கள். திறந்து கிடக்கும் கேட்டைக் கண்டால் பெரில் இப்போது இறங்கிக் கம்பியையும் குளம்படியையும் பார்த்துவிட்டு, தொடாமல் போகிறாள். மூடியிருந்த கேட்டைத் திறந்து கடந்தால், மறுபடி மூடிவிட்டு இரண்டு முறை ஆட்டுகிறாள். டெலிபோனை மட்டும் இன்னும் எடுப்பதில்லை.