டிக்கியில் இருந்த சிலிண்டர்

இனாயத்தின் அம்பாசடர் இரண்டு வகை எரிபொருளில் ஓடும். பெட்ரோலில் கிளப்பி, இன்ஜின் சூடானதும் ஒரு சுவிட்சைத் தட்டினால் சமையல் கேஸுக்கு மாறிவிடும். தொண்ணூறுகளில் சென்னையில் இப்படிச் சில வாடகைக் கார்கள் ஓடின. சட்டப்படி தவறு. அதனால் டிக்கியில் கோணிக்கு அடியில் கிடந்த சிலிண்டரைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

ஜாம்பஜாரில் பிறந்து, லாரி கிளீனராகி, நாற்பது வயதில் சொந்த வண்டி வாங்கியவர். அபிராமபுரத்தில் சில வீடுகள் அவரையே நம்பியிருந்தன. வருகிறேன் என்றால் வந்துவிடுவார், அவ்வளவுதான் காரணம்.

அவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அனந்தராமனின் வீடு. மார்கழித் திருவாதிரைக்கு முந்தின இரவு அவரையும் மனைவி ஜானுவையும் கச்சேரியிலிருந்து கூட்டிவந்த இனாயத், காலையில் திருவான்மியூர் கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால் வண்டியை அவர்கள் போர்ட்டிகோவிலேயே விட்டுப் போனார்.

விடியலில் வந்தபோது கண்ணாடியில் பனி வழிந்தது. சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் முனகியது. சோக்கை இழுத்துத் திருப்பினார். ம்ஹூம். பெட்ரோல் டேங்க் காய்ந்து கிடந்தது அப்போதுதான் உறைத்தது.

"என்ன இனாயத், அபிஷேகம் ஆரம்பிச்சுடுவா." வாசலுக்கு வந்த அனந்தராமன் அவசரப்பட்டார்.

"குளுருக்கு மக்கர் பண்ணுது சார்."

"மெட்ராஸ் குளிருக்கேவா? ஊட்டிக்குப் போனா என்ன பண்ணும்?"

"கம்பளி கேக்கும் சார்."

அனந்தராமன் சிரித்தபடி கொல்லைக் கதவைப் பூட்ட உள்ளே போனார். இனாயத் பானெட்டைத் திறந்தார். குளிர்ந்த இன்ஜினை நேரே கேஸில் கிளப்ப ஒரு குறுக்குவழி உண்டு. கேஸ் வரும் டப்பாவில் உள்ள பொத்தானை லேசாக அழுத்தினால் கொஞ்சம் கேஸ் இன்ஜினுக்குள் புகும். உடனே செல்ஃப் அடிக்க வேண்டும். அழுத்தினார், அடித்தார். மறுபடி அழுத்தினார். பனியில் மூக்கு அடைத்திருந்ததால் வாடை எதுவும் தெரியவில்லை. குனிந்தபோதுதான் காதில் விழுந்தது, விடாத ஒரு 'உஸ்'. பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் கசிந்த கேஸ் போர்ட்டிகோவின் மூன்று பக்கச் சுவருக்குள் தரையோடு தேங்கியிருக்கும்.

வாசற்படியில் ஜானு மாமி. கையில் தட்டு. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"யார் கண்ணு பட்டுதோ. வண்டிக்குச் சுத்திப் போட்டா கிளம்பிடும்."

"மாமி, நில்லுங்கோ! எறங்காதீங்க!"

"ஏன்ப்பா, உங்க சாமி கோச்சுக்குமா?"

"கோச்சுக்கிறத பாக்க நாம இருக்க மாட்டோம் மாமி! வண்டில கேஸ் கீது. லீக்கு. அத்த அணைங்க!"

மாமியின் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் வழக்கத்தை விடவில்லை. "கற்பூரத்தை ஊதி அணைக்கப்படாதே!"

"அப்ப தூக்கினு ஓடுங்க!"

மாமி ஓடினார். கூடம், சமையலறை, கொல்லை. பூட்டிய கதவைக் கணவரிடம் அலறித் திறக்கச் சொல்லி, துவைக்கிற கல்மேல் தட்டை வைத்து, அது தானாக அணையும்வரை அங்கேயே நின்றார்.

இனாயத் டிக்கியைத் திறந்து சிலிண்டரின் வால்வைத் திருகினார். வியர்வையில் விரல் வழுக்கியது. சத்தம் அடங்கியபோது பின்னால் அனந்தராமன் நின்றிருந்தார்.

"நேத்து ராத்திரி இதோடயா வந்தோம்?"

"ஆமா சார்."

இருவரும் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார்கள். காற்று வீசிக் கேஸ் கலையும்வரை காத்திருந்தார்கள். சிலிண்டரைக் கழற்றித் தோட்டத்து மூலையில் வைத்தார்கள். அனந்தராமன் தன் ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலை உருவிக் கொடுத்தார். அந்நேரத்தில் வேறு வண்டி கிடைக்காது.

தம்பதி எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்றார்கள். இனாயத் தனியாக உட்கார்ந்து சாவியைப் பிடித்தார். கலிமாவை முணுமுணுத்துத் திருப்பினார். இருமி, வெண்புகை கக்கி, இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மாமி டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னார். காலியாக இருந்தது. பிறகே ஏறினார். அடையாறு பாலத்தில் மாமி முன்சீட்டுப் பக்கம் குனிந்தார்.

"பேசிண்டே ஓட்டுப்பா. நீ பேசாம வந்தா எனக்குக் குலை நடுங்கறது."

"இன்னா பேசறது மாமி?"

"இப்படி எங்க தெருவுல இன்னும் யாரையெல்லாம் ஏத்திண்டு போனேன்னு சொல்லு."

இனாயத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, தெருக்கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.