அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காதே

தற்காப்பு சொல்லிக்கொடுக்கிற தொழிலில் முதல் அடி மாஸ்டருக்குத்தான் விழும். நீங்களும் மாணவர் அடிப்பதற்குப் பஞ்சுப் பேடைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள் என்றால், மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மேலே படியுங்கள். கந்தர்வக்கோட்டையில் ஓர் உரக்கடை மாடியில் எனக்கு வகுப்பு. வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற பெரியவர்கள். கேட்பது ஒன்றுதான்: ஒற்றை அடியா, தொடர் அடியா? பதில் சொல்லியே தொண்டை போயிற்று.

பன்னிரண்டு அடிக்காரர்

இலுப்பூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாஸ்கர் வந்தார். வீடியோ பார்த்தே பாதி படித்துவிட்டாராம். "காம்பினேஷன்ல இருந்து ஆரம்பிங்க மாஸ்டர், டைம் இல்ல" என்றார். குத்து, வெட்டு, முழங்கை, சுழன்று ஓர் உதை என்று மொத்தம் பன்னிரண்டு. வரிசை தப்பாமல் செய்து காட்டினார். காற்றில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பேடைத் தூக்கினேன். முதல் குத்து பட்டது. நான் ஓரடி தள்ளி நின்றேன். மிச்சம் பதினொன்றும் நான் முன்பு நின்ற இடத்திலேயே விழுந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு கோபமாகத் திரும்பினார்: "நீங்க பாட்டுக்கு நகந்தா எப்படி மாஸ்டர்?"

நாலு மாசம், ஒரே அடி

என் கட்சி ஒற்றை அடி. உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கை நோக்கி நேராக ஒன்று. கால் ஊன்றணும், இடுப்பு திரும்பணும், போன வேகத்தில் கை திரும்பி வரணும். ஒவ்வொரு அடிக்கும் "சரி" அல்லது "மறுபடி" என்பேன். "சரி" லேசில் வராது.

மரகதம் என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் வேலை விட்டதும் முந்திரித்தோப்பு வழியாக மெயின்ரோட்டுக்கு நடக்கணும். அங்கே ஒருத்தன் பின்னாலேயே வந்து வம்பு பேசிக்கொண்டிருந்தான். போலீஸில் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் காணாமல் போய்விட்டுத் திரும்ப வந்தான். வீட்டுக்காரர் துபாயில். வேலையை விடு என்று போனில் ஒரே பிடி. அந்த அம்மா பதினோரு வருஷம் கொட்டை உடைத்து அந்த நாற்காலிக்கு வந்தவர். விட மனசில்லாமல்தான் என்னிடம் வந்தார்.

நாலு மாசமும் அந்த ஒரே அடிதான். ஒருநாள் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "ஆட்டுக்கல்லுகூட இத்தன சுத்து சுத்தியிருக்காது மாஸ்டர்."

'சரி' சொல்ல ஆளில்லை

ஒரு சாயங்காலம் அவன் தோப்பில் கையைப் பிடித்துவிட்டான். மரகதம் அடித்தார். கச்சிதமான அடி, அவன் மூக்கில் ரத்தம். அடித்த கையைத் திரும்ப இழுத்தார், காலை ஊன்றினார், அப்படியே நின்றார். அவன் சுதாரித்துக்கொண்டு முடியைப் பிடித்தான். நல்ல வேளை, கம்பெனிக்காரர் ஒருவர் பைக்கில் வர, விட்டுவிட்டு ஓடினான்.

வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்த மாசத்தோடு வேலை போதும். மரகதம் நேரே என் மாடிக்கு வந்தார். "அடிச்சுட்டு ஏன் நின்னீங்க?" என்று கத்தினேன். அவரும் விடவில்லை: "நாலு மாசமா அடிச்சுட்டு ஒங்க மூஞ்சியத்தான பாக்குறோம்? அங்கயும் பாத்தேன். சரின்னு சொல்ல ஆளக் காணோம்."

ஹெல்மெட்

அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை. தப்பு என்னுடையது. சொல்லக் கசந்தது. மறுநாள் சொன்னேன்.

ஒற்றை அடியை விடவில்லை. அது உருப்படியாக வராதவருக்குப் பன்னிரண்டும் காற்றுக்குத்தான். ஆனால் அதோடு நிறுத்துகிற பழக்கத்தை ஒழித்தேன். அடி வாங்கியதும் நான் நகர்வேன், மறுபடி மேலே விழுவேன். எது வருகிறதோ அதால் அடிக்கணும். வழி கிடைத்ததும் ஓடணும். வாசல் கதவைத் தொட்ட பிறகுதான் நிற்கணும். வரிசை கிடையாது, எண்ணிக்கை கிடையாது. யாரும் என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று ஹெல்மெட் மாட்டி, கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். படியேறி வந்த பாஸ்கர் வாசலிலேயே நின்றுவிட்டார்: "மாஸ்டர், வாரீங்களா, போறீங்களா?"

டீக்கடை பெஞ்சு

மாசம் முடிய நாலு நாள் இருந்தது. அதே தோப்பு, அதே ஆள். இந்தத் தடவை எதிரே வந்து மறித்தான். மரகதத்திடம் அடி வாங்கிக்கொண்டும் மெயின்ரோடு வரை துரத்தி வந்தவனை, டீக்கடையில் இருந்தவர்கள் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள்.

மறுநாள் மரகதம் வந்தார். உள்ளங்கை வீங்கியிருந்தது. முதலில் என்ன அடி, அடுத்து என்ன அடி, வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். தொழில் புத்தி. அவர் சிரித்தார்: "மொத அடி நீங்க சொன்னது. அப்புறம் நான் எண்ணல மாஸ்டர். டீக்கடை பெஞ்சத் தொட்டுட்டுத்தான் நின்னேன். எல்லாத்தையும் போன்ல கேட்டுட்டு அவுக, வேலைக்குப் போன்னு சொல்லிட்டாக."

ஒரு அடியைச் சொல்லிக்கொடுத்தது நான், அதோடு நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது மரகதம், ஊரில் பேர் மட்டும் மொத்தமாக எனக்கு வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்று மறுக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷன் இல்லை.